மெடோ: அரிவாளில் பிறந்த சொல்

மெடோ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் ‘புல்வெளி’ என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை. ஆனால் புல் முளைத்த எந்த வெளியும் புல்வெளிதான். மெடோவின் பொருள் அதைவிடக் குறுகியது. குளிர்காலத் தீவனத்துக்காக வளரவிட்டு, கோடையில் அறுக்கும் புல் நிலமே மெடோ. மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம் பாஸ்ச்சர், நம் மேய்ச்சல் நிலம்.

அறுத்தலைக் குறிக்கும் ‘மோ’ என்ற வினைக்கும் மெடோவுக்கும் வேர் ஒன்று. இன்று பின்விளைவு என்ற பொருளில் வழங்கும் ஆஃப்டர்மேத்தும் அந்தக் குடும்பம்தான்: ‘மேத்’ என்றால் அறுப்பு. அறுத்தபின் மறுபடி தழைக்கும் புல்லைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். கரும்பில் நாம் மறுதாம்பு என்கிறோமே, அதேதான்.

மெடோவின் அழகு இந்த அறுப்பில்தான் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் அறுப்பார்கள். அதற்குள் பூக்கள் விதை கட்டியிருக்கும். அறுத்த புல்லைச் சில நாள் அங்கேயே புரட்டிக் காயவிட்டால் விதை உதிரும். பிறகு புல்லை அள்ளிவிட வேண்டும். அப்படியே விட்டால் மக்கி மண்ணுக்கு உரமாகும். முரட்டுப் புல் செழித்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும். உரம் போட்டாலும் இதே கதி. 1930-களுக்குப் பின் பிரிட்டனின் பூ நிறைந்த மெடோக்களில் சுமார் 97 விழுக்காடு அழிந்துபோனது பெரிய இழப்பு.

அங்கே குனிந்து தேட வேண்டிய செடி யெல்லோ ராட்டில். முழங்கால் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாது. முக்காடு போட்டாற்போல மஞ்சள் பூ. மண்ணுக்கடியில் இதன் வேர் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சும். புல் குறுகும், மற்ற பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். முற்றிய காயை ஆட்டினால் விதை கலகலக்கும்; அறுப்புக்கு நேரமாயிற்று என்று உழவர்கள் அறிந்துகொள்ளும் அடையாளம் அது. ராட்டில் என்றால் கலகலப்பது; நம் கிலுகிலுப்பைச் செடிக்கும் பெயர் வந்தது இப்படித்தான், குடும்பம் மட்டும் வேறு. இதை விதைப்பவர்கள் புல்லை ஒட்ட அறுத்து, மண் தெரியக் கீறி, இலையுதிர் காலத்திலேயே தூவ வேண்டும். குளிர் பட்டால்தான் முளைக்கும். வசந்தத்தில் தூவினால் அந்த ஆண்டு முளைப்பு இல்லை. பழைய விதையும் உதவாது.

தமிழில் எப்படி எழுதலாம்? பொதுவாக வரும்போது புல்வெளி போதும். காஷ்மீரின் குல்மார்க் போன்ற மலைவெளிகளுக்கும் அதுவே பொருந்தும். தீவனத்துக்கு அறுப்பதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அறுப்புப் புல்வெளி’ என்பது என் தேர்வு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை மெடோவுக்கு ஈடாக்க வேண்டாம். அது வேலி கட்டி மாடு மேய்க்கும் நிலம். மெடோவில் அறுத்துக் காயவைக்கும் ‘ஹே’யை வைக்கோல் என்பதும் பிழை. வைக்கோல் கதிர் அடித்தபின் மிஞ்சும் நெற்தாள். ஹே, பச்சையாக அறுத்து உலர்த்திய புல். அதை ‘உலர்புல்’ என்று எழுதுங்கள்.