சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், சிமென்ட் விடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் செதுக்கிய கதவு நிலையும் இன்னொரு வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. இடித்த வீட்டின் பாகங்கள் முழுசாகக் கைமாற முடிவதற்குக் காரணம், அந்த வீட்டைச் சேர்த்த விதம். பொருளைக் குப்பையாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரத்தில் பாதிக் கேள்வி இதுதான்: சேர்த்ததைச் சேதமில்லாமல் பிரிக்க முடியுமா?

பழைய வீட்டின் செங்கல்லைச் சேர்த்தது சுண்ணாம்புச் சாந்து. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயு வெளியேறி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 18 கிலோ தண்ணீரைக் குடித்து அது நீறும்போது 74 கிலோ. சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. (சூளையில் எரித்த விறகின் புகை இந்தக் கணக்கில் இல்லை. ‘கார்பனே இல்லாத சாந்து’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.) இறுகிய பிறகும் இது செங்கல்லைவிட மெத்தென்றுதான் இருக்கும், உளியால் தட்டினால் சாந்து உதிரும், செங்கல் பிழைக்கும். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுமார் 1450 டிகிரியில் வெந்து உருண்டையான கிளிங்கரை அரைத்து வரும் சிமென்ட், கலவை கெட்டியாக இருந்தால், பிடியை விடாது. உடைவது செங்கல்தான்.

பிரிக்கும் வேலை கட்டியதற்குத் தலைகீழ்: ஓடு, ரீப்பர், சட்டம், உத்தரம், தூண், பிறகு சுவர். மேற்சுவரை இறக்காமல் நிலையை உருவினால் சுவர் சரியும். தூணின் அடியில் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் ஒளிந்த ஆணி, மில்லில் ரம்பப் பல்லைப் பறித்துவிடும். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்து எடை பார்த்தால் 20 சதவீதத்துக்கு மேல் நீர் ஏறக்கூடாது. பழைய சுவரின் மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லின் முகம் பொரிந்து கிடக்கும். அதைக் கழித்துவிடலாம்.

கான்கிரீட்டுக்கு இந்த மறுபிறவி கிடையாது. நொறுக்கி ஜல்லியாக்கலாம், அவ்வளவே. அதையும் எம்25 என்ற வலிமைத் தரம் வரையான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்க ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை 383 இடம் தருவதில்லை.

பொருளாதார வளர்ச்சிக்கு இதில் என்ன இருக்கிறது? ஆய்வாளர்கள் வால்டர் ஸ்டாஹலும் ஜெனிவீவ் ரெடேயும் 1976இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த அறிக்கையின் சாரம், எரிசக்தி செய்யும் வேலையை மனித உழைப்புக்கு மாற்றலாம் என்பது. புதுச் செங்கல்லின் விலையில் களிமண்ணும் விறகும் அடக்கம். பழைய செங்கல்லின் விலை பெரும்பாலும் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர் கூலி. காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

ஆனால் தூணும் கதவும் நிற்கிற வீட்டைவிட அதிக விலை போனால், இடிப்பதே லாபமாகிவிடும். சுழற்சியின் மேல்படி பிரிப்பதல்ல, பராமரிப்பு. உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் மழை, உத்தரம் சுவருக்குள் புதைந்த முனையில் தேங்குகிறது. உளுப்பது அங்கேதான் தொடங்கும். ஐப்பசிக்கு முன் ஓடு மாற்றிவிட்டால் போதும். இருபது பங்காளிகளின் வீட்டில் அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதற்குத்தான் சூத்திரம் இல்லை.