புழுவெட்டு: வீடியோ பார்த்து எதையும் தேய்க்கும் முன்

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகளை அழைத்து வந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். பின்னந்தலையில் நாணய அளவில் ஒரு இடம் மொட்டையாகியிருந்தது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அந்த இடத்தின் தோல்தான். சிவந்து, கொப்புளம் உடைந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா போட்டீங்க?"

"பூண்டு, டாக்டர். அரைச்சு வச்சுக் கட்டினேன். எரிஞ்சாத்தான் உள்ள இருக்கிற புழு சாகும்னு வீடியோல சொன்னாங்க. பாவம், அழுதா. அஞ்சு நாள் பொறுத்துக்கிட்டா."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளின் தலையை வாரும்போது திடீரென்று விரலில் வழவழவென்று ஒரு இடம் தட்டுப்பட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ராத்திரி பதினோரு மணிக்குக் கையில் இருப்பது செல்போன் மட்டும்தான். தேடத்தான் செய்வார்கள். தேடுங்கள், தவறே இல்லை. கண்ணில் பட்டதை எப்படி எடைபோடுவது என்று யாரும் சொல்லித் தராததுதான் பிரச்சினை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் மொழியில் இதற்குப் புழுவெட்டு, பூச்சிவெட்டு என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு பூச்சி வந்து முடியைக் கத்தரித்ததுபோல இருப்பதால் வந்த பெயர். ஆனால் இதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரை அந்நியன் என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. வளர்கிற முடியின் வேர் பொதுவாக அந்த அணுக்களின் கண்ணில் படாதபடி ஒருவகை மறைவில் இருக்கும். அந்த மறைவு கலைந்துபோகும்போது தாக்குதல் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், வேரைச் சுற்றித் தேனீக் கூட்டம் மொய்ப்பதுபோல இருக்கும் என்றுதான் எங்கள் பாடப்புத்தகங்களே வர்ணிக்கின்றன. மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு எப்போதாவது வரக்கூடியது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

பெயரை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், தேடும் சொல்தான் கிடைக்கும் பதிலையும் முடிவு செய்கிறது. புழு என்று தேடினால் புழுவைக் கொல்லும் வழிதான் வந்து நிற்கும். எரிய வேண்டும், சுட வேண்டும், ரத்தம் கசியத் தேய்க்க வேண்டும் என்று சொல்கிற எல்லாக் குறிப்புகளுக்கும் அடியில் அந்த இல்லாத புழுதான் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், வருகிற பக்கங்களே வேறாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நோயைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: இதில் முடி தானாகவும் திரும்ப வளரும். வேர் தாக்கப்படுகிறதே தவிர அழிவதில்லை. ஓரிரு சிறிய திட்டுகள் மட்டும் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை, எந்த வைத்தியமும் செய்யாமலே ஒரு வருடத்துக்குள் முடியைத் திரும்பப் பெறுகிறார்கள். பிறகு சிலருக்கு மறுபடியும் உதிரும், மறுபடியும் வளரும். தலை முழுவதும் அல்லது உடம்பு முழுவதும் முடி போனவர்களுக்கும், காதுக்கு மேலிருந்து பின்கழுத்து வரை பட்டைபோல உதிர்ந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு குறைவு.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு பேர் ஏதோ ஒரு எண்ணெயைத் தடவுகிறார்கள் என்று வையுங்கள். எண்ணெயில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் முப்பது, நாற்பது பேருக்கு முடி வளர்ந்துவிடும். அந்த முப்பது பேரும் பொய் சொல்லவில்லை. மனதார நம்பி, அடுத்தவருக்கும் உதவட்டும் என்று படத்தோடு எழுதுகிறார்கள். வளராத அறுபது பேர் வேறு எதையோ தேடிப் போய்விடுகிறார்கள், அவர்கள் எதுவும் எழுதுவதில்லை. படிக்கிற நம் கண்ணுக்குத் தெரிவது முப்பது வெற்றிக் கதைகள் மட்டும்தான். அதனால் இந்த நோய்க்கு எதை மருந்தென்று காட்டினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இதைப் போடாதவர்களுக்கு என்ன ஆயிற்று?

வெங்காயச் சாற்றை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இதைப் போல ஓடிக்கொண்டே இருக்கும் குறிப்பு வேறில்லை. இதற்குப் பின்னால் ஆய்வே இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது. 2002ல் ஈராக் மருத்துவர்கள் இருவர் வெளியிட்டது. மொத்தம் 38 பேர். 23 பேர் வெங்காயச் சாறும், 15 பேர் வெறும் குழாய்த் தண்ணீரும் தினம் இருமுறை தடவினார்கள். ஆறு வாரத்தில் வெங்காயக் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர்க் குழுவில் எட்டு வாரத்திலும் இரண்டு பேருக்குத்தான். படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. நானும் அதை ஒதுக்கித் தள்ளவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வைத்தார்களே என்று மதிக்கிறேன். ஆனால் 38 பேர் என்பது ஒரு பேருந்துகூட நிறையாத எண்ணிக்கை. யார் எதைத் தடவுகிறார் என்பது வெங்காய வாடையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு மாதத்தோடு கதை முடிந்துவிட்டது, முளைத்த முடி நின்றதா என்று காட்டவில்லை. சரி, இதையெல்லாம் விடுங்கள். அந்த ஆய்வு திட்டுத்திட்டாக முடி உதிர்ந்த புழுவெட்டுக்காரர்களிடம் நடந்தது. அதை மேற்கோள் காட்டும் பல பக்கங்கள் அதையே வழுக்கைக்கும், காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடிக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்கின்றன. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்தால், எத்தனை பேரிடம், எந்த நோய்க்கு, எவ்வளவு காலம் என்று மூன்றையும் தேடுங்கள். மூன்றும் அந்தப் பக்கத்தில் இல்லை என்றால், எழுதியவரே அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு, கடுமையான புழுவெட்டு உள்ள பெரியவர்களுக்குத் தரலாம் என்று அமெரிக்காவில் 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்றில் மட்டும் 654 பேர். எல்லோரும் தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்தவர்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 36 வாரம் கழித்து, தலையில் ஐந்தில் நான்கு பங்காவது முடி நிறைந்தவர்கள் அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் 38.8 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 6.2 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் மருந்தின் உண்மையான வேலை.

அதே எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அந்த 36 வாரத்தில் பத்தில் ஆறு பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் மருந்தை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடியும் உதிர்கிறது. கிருமித்தொற்று, ரத்தக்கட்டி, இதயக் கோளாறு, சிலவகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான எச்சரிக்கை அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே உண்டு. ரத்தப் பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் தொடவே கூடாத மருந்து அது. 'அதிசய மாத்திரை வந்துவிட்டது' என்று மட்டும் சொல்லி நிறுத்துகிற செய்தி, வெங்காயக் குறிப்பைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

முன்னும் பின்னும் படங்களுக்கு வருவோம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அலோபதியோ, நாட்டு மருந்தோ, எதுவும் இந்த வேகத்தைப் பத்து மடங்காக்க முடியாது. 'இரண்டே மாதத்தில்' என்று போட்டுத் தோளைத் தொடும் முடியைக் காட்டினால், ஒன்று நாள் பொய், இல்லையென்றால் ஆள் வேறு. அப்புறம், புழுவெட்டில் முதலில் முளைக்கிற முடி பெரும்பாலும் வெள்ளையாக, பூனை மயிர்போல மெலிசாக இருக்கும். நிறமும் தடிமனும் பிறகுதான் வரும். எடுத்த எடுப்பில் கருகருவென்று அடர்த்தியாக முளைத்த படத்தை நான் நம்புவதற்கு முன் இரண்டு முறை பார்ப்பேன். வெளிச்சம், தலை சாய்ந்திருக்கும் கோணம், ஈரமா காய்ந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, உண்மையிலேயே இது புழுவெட்டுதானா? வீடியோவில் வருபவர் உங்கள் தலையைப் பார்க்கவில்லை. குழந்தைகளுக்குத் தலையில் வரும் படர்தாமரையும் திட்டுத்திட்டாகத்தான் முடியை உதிர்க்கும். ஆனால் அங்கே செதில் இருக்கும், அரிக்கும், முடி ஒடிந்திருக்கும். அது பூஞ்சைத் தொற்று, உள்ளுக்கு மருந்து சாப்பிட்டால்தான் போகும். அதற்குப் புழுவெட்டுக் களிம்பு என்று ஸ்டீராய்டைத் தடவினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இன்னொரு வகை உண்டு, தழும்பு விட்டுப் போகும் முடி உதிர்வு. அதில் வேரே அழிந்துவிடும், ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் டெர்மாஸ்கோப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கும்போது, புழுவெட்டுத் திட்டின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் ஆச்சரியக்குறிபோல நிற்கும். மஞ்சள் புள்ளிகள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். நகங்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்போம், ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எந்த வைத்தியத்தைத் தேடினாலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

பயோட்டின் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. புழுவெட்டு குணமாக அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. 'வைட்டமின்தானே, சும்மா சாப்பிடட்டும்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். இதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் எச்சரித்தது. புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரலாம் என்பதால் நாங்கள் எழுதிக் கொடுப்பது தைராய்டு பரிசோதனை. பயோட்டின் குழப்புவதும் அதே பரிசோதனையைத்தான். சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடமும், ரத்தம் எடுக்கிற இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

தளங்களில் ஒட்டியிருக்கும் தர முத்திரைகளையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹெல்த் ஆன் தி நெட் என்ற சுவிட்சர்லாந்து அமைப்பின் முத்திரை பல வருடம் மதிப்போடு இருந்தது. அந்த அமைப்பே 2022 டிசம்பரோடு மூடிவிட்டது. எனவே அந்த முத்திரை இன்னும் ஒரு பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தை வெகுநாளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதைவிட எனக்குப் பிடித்தது டிஸ்கர்ன் என்ற கேள்வித்தாள். 1990களில் ஆக்ஸ்போர்டில் உருவானது, சிகிச்சைத் தகவலின் தரத்தை யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்க 16 கேள்விகள். அதில் ஒன்று, சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தகவல் சொல்கிறதா என்பது. புழுவெட்டைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பக்கங்கள் விழுந்துவிடும். விற்கிறவர் எவரும் 'தானாகவும் வளரலாம்' என்று எழுதுவதில்லை. பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம், அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் போன்றவற்றின் நோயாளிகளுக்கான பக்கங்களில் அது இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 63 ஆய்வுகளை, 4,817 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. எளிய நடையில் ஒரு சுருக்கமும் அதிலேயே உண்டு. செயற்கை நுண்ணறிவிடம் கேட்பவர்களும் இப்போது நிறையப் பேர். கேளுங்கள், ஆனால் அது காட்டும் ஆய்வு நிஜமாகவே இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகு நம்புங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரே இடத்தில்தான். 'நம்பிக்கையோடு செய்யவில்லை, பத்தியம் சரியில்லை, கவலைப்படுவதால்தான் வளரவில்லை' என்று பலிக்காத வைத்தியத்தின் பழியை நோயாளியின் தலையிலேயே கட்டுகிற பேச்சு. பதிமூன்று வயதுப் பெண் இதைப் படித்துவிட்டு, "நான் டென்ஷன் ஆகறதாலதான் கொட்டுதா டாக்டர்?" என்று கேட்கிறாள். இல்லைம்மா. நீ செய்த எதனாலும் இது வரவில்லை, நீ செய்யாமல் விட்ட எதனாலும் வளராமல் இருக்கவில்லை. அவளிடம் இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறைதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கொப்புளம் ஆறப் பத்து நாள் ஆயிற்று. அதன் பிறகு என்ன செய்யலாம் என்று மூவரும் பேசினோம். திட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது, களிம்பு, அல்லது கொஞ்ச நாள் காத்திருந்து பார்ப்பது என்று ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொன்னேன். ஒரே ஒரு திட்டுதானே என்று, களிம்போடு மூன்று மாதம் பார்க்கலாம் என அவர்களே முடிவு செய்தார்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் ஓரம், அதே நேரம், திட்டின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது படத்தில் ஓரத்தில் வெள்ளையாக ஏழெட்டு முடி தெரிகிறது. "களிம்பாலயா டாக்டர், தானாவா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஒரே ஒருவரின் தலையை வைத்து அதைச் சொல்ல முடியாதும்மா என்றேன். "ஆமாம், அப்போ அந்த வீடியோக்காரருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.