ஹேண்டில் நேரானால் வண்டி நேராகிவிடாது

மோதி வளைந்து என் பட்டறைக்கு வந்ததில், இந்த மாதத்தில் இது மூன்றாவது பைக். களக்காட்டுப் பக்கத்துத் தம்பி. நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் ஆடு குறுக்கே வந்து, சென்டர் மீடியனில் மோதியிருக்கிறான். முழங்கைச் சிராய்ப்போடு தப்பியது பெரிய காரியம். வண்டியை வீட்டுப் பனைமரத்தில் கட்டி இழுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப் வளைந்திருந்ததைக் காய்ச்சி நிமிர்த்தி அவனே மாட்டிவிட்டான்.

"ஹேண்டில் நேராத்தான் இருக்கு அண்ணாச்சி, எழுபதுக்கு மேல போனாதான் லேசா ஆடுது."

எழுபதில் ஆடுவதா லேசு?

முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்து ஹேண்டிலைத் திருப்பும் வித்தை எல்லாருக்கும் தெரியும். அதில் சரியாவது, பைப்பை மேலே கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குள் அது திருகிக்கொண்டது மட்டும்தான். நேராக மோதிய வண்டியில் பைப் பின்பக்கமாக வளையும். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கோணல் தெரியவே தெரியாது. இறங்கிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், சக்கரம் இன்ஜினை ஒட்டி வந்திருக்கும்.

அவன் பைப்பைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினேன். பாதிச் சுற்றில் அடியில் வெளிச்சம் தெரிந்தது, மறுபாதியில் மறைந்தது. காய்ச்சிய இடத்தில் குரோம் நீலம் பாரித்து, நகத்தில் தட்டுப்படும் அளவு வெடிப்பு. பெரிய பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்த வெடிப்பு, ஃபோர்க் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அறுக்கும். ஆயில் பிரேக் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. காய்ச்சிய பைப்பில் பழைய பலமும் இருக்காது.

ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங், அதாவது கோன்செட்டையும் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று பிடித்தால் மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடி, இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட் இதெல்லாம் நீங்களே மாட்டலாம், தாராளமாக. வளைந்த பிரேக் லீவரை மட்டும் நிமிர்த்தாதீர்கள். அது வார்ப்பு அலுமினியம். கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டிருக்கும், அவசரத்துக்குப் பிடிக்கும்போதுதான் ஒடியும்.

ஸ்பேனரைத் தொடும் முன் போட்டோ எடுங்கள். நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்குச் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்த பிறகு கழற்றுங்கள். யாருக்காவது அடிபட்டுப் போலீஸ் வழக்கானால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை ஒரு நட்டிலும் கை வைக்கக் கூடாது.

கையில் காசு இல்லையென்றால் கூச்சப்படாமல் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பைப்பை இப்போது மாற்றிக்கொள்ளலாம். டேங்க் சொட்டையைத் தீபாவளிக்குப் பார்ப்போம், சொட்டையோடு வண்டி ஓடும்.