நாசில்: மூக்கில் பிறந்த சொல்

கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூத்துவிட்டால் தோப்புக்குத் தோப்பு கேட்கும் குரல் இது: "நாசில் அடைச்சுக்கிச்சு, ஊசி கொண்டா." தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் குழாயின் நுனியில் இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டுக்கும், ராக்கெட்டின் அடியில் மணி போலத் தொங்கும் பெருங்கூம்புக்கும் பெயர் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் மூக்கைக் குறிக்கும் 'நோஸ்' என்பதோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து பிறந்தது நாசில். சின்ன மூக்கு என்று பொருள். கேட்டதும் 'நாசி' நினைவுக்கு வந்தால் தவறில்லை. வடமொழி நாசியும் ஆங்கில நோஸும் ஒரே வேரின் கிளைகள்.

தமிழிலும் கெண்டிக்கு மூக்கு உண்டு, கமண்டலத்துக்கும் உண்டு. மாவலி தாரை வார்த்தபோது சுக்கிராச்சாரியார் வண்டாகப் புகுந்து அடைத்தது அந்த மூக்கைத்தான். (அங்கே ஊசிக்குப் பதில் தர்ப்பைப்புல்.)

சரி, நாசிலைத் தமிழில் எப்படிச் சொல்வது? மருந்தடிக்கும் கருவிக்குத் 'தெளிப்பு முனை' போதும். ராக்கெட்டுக்குப் போதாது, அங்கே வேலை செய்வது முனை அல்ல, வடிவம். எரிந்த வளி குறுகும் வழியில் வேகம் கூடி, மிக ஒடுங்கிய இடத்தில் ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். (மூக்குக்குள் தொண்டை! பெயர் வைத்தவர் உடற்கூறு பார்க்கவில்லை.) அதன்பின் வழி விரிய வேண்டும். தண்ணீராக இருந்தால் விரிந்த வழியில் தளர்ந்துவிடும். ஒலியை மிஞ்சிய வளியோ விரிய விரிய அடர்த்தி இழந்து இன்னும் விரையும், நொடிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வரை. ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாப் டி லாவல் 1880களின் இறுதியில் நீராவிச் சுழலிக்காக (டர்பைன்) அமைத்த வடிவம் இது. அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்ட் அதை ராக்கெட்டுக்குக் கொண்டுவந்தார். தரையில் கிளம்பும் என்ஜினுக்குக் கூம்பை அளவு மீறி விரித்தால், வெளிக்காற்றின் அழுத்தம் வளியைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். காற்றில்லா உயரத்தில் எரியும் என்ஜினுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் கூம்பு தாராளமாக விரியும்.

வெறும் 'மூக்கு' என்றாலும் சிக்கல். காற்றைக் கிழித்துப் போகும் முன்நுனிக்கும் மூக்குக் கூம்பு என்றே பெயர். என் தேர்வு 'பீச்சுமூக்கு'. மடியிலிருந்து பால் பீச்சுகிறோமே, ஒடுங்கிய வழியில் விசையோடு வெளியேறுவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'தாரைக்குழல்' என்றும் சொல்லிப் பார்த்தேன். தப்பட்டை எங்கே என்று கேட்டார் பக்கத்துத் தோப்புக்காரர்.