தலைமைக் குருவா, தலைமைப் பாதிரியாரா?

பெரிய வெள்ளியன்று புதுச்சேரியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் மொழிமாற்றப் படமொன்று ஓடியது. இயேசுவை விசாரித்த யூதத் தலைவர் கயபா வரும் இடமெல்லாம் அவரைத் ‘தலைமைப் பாதிரியார்’ என்றார்கள். சாய்வு நாற்காலியில் இருந்த ஆயா, “ஏம்பா, நம்ம சாமியார் மாதிரி ஒருத்தரா ஏசுவ சாவடிக்கச் சொன்னாரு?” என்று கேட்டார். இந்தச் சொல்லைச் செய்தித்தாள் இணைப்பிதழ்களிலும் பலமுறை பார்த்துச் சலித்திருக்கிறேன். ‘தலைமைக் குரு’ என்பதே பொருத்தம் என்பது என் கட்சி.

இப்பணியில் இருப்பவருக்கு விவிலியத்தின் மூலச்சொல் எபிரேயத்தில் கோகேன். அவர்களில் உயர்ந்தவர் கோகேன் காதோல், அதாவது பெரிய கோகேன். கிரேக்கத்தில் ஹியெரெயுஸ், அர்கியெரெயுஸ். இவை பலி செலுத்தி மக்களின் பாவத்துக்குப் பரிகாரம் தேடும் பணியைச் சுட்டுகின்றன. போதிப்பதையோ ஒரு கோயிலைச் சார்ந்த சபையான பங்கை நிர்வகிப்பதையோ அல்ல.

பாதிரியாரோ ‘பாத்ரே’ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தவர், பொருள் ‘தந்தை’. அது அன்பான விளிப்பெயரே தவிர, பணியின் பெயரன்று. புதிய ஏற்பாட்டுக் கடிதமான எபிரேயர் திருமுகத்துக்குள் இச்சொல்லை நுழைத்தால் அதன் வாதமே குலைந்துவிடும். வானதூதரிலும் மோசேயிலும் மேலானவர் என மெசியாவான இயேசுவை நிலைநாட்டிய பின், அத்திருமுகம் யூதரின் முதல் தலைமைக் குருவான ஆரோனின் குருத்துவத்தோடு அவரை ஒப்பிடுகிறது. யூதா குலத்தில் பிறந்த இயேசுவுக்கு லேவி குலத்தாரின் வம்சவழிக் குருத்துவத்தில் உரிமை இல்லை. ஆகவே திருப்பாடல் 110:4ஐக் கையிலெடுத்து, அவர் ஆபிரகாம் காலத்துக் குருவும் அரசருமான மெல்கிசெதேக்கின் முறைப்படி என்றென்றும் குரு என்கிறது. அந்த மெல்கிசெதேக்கோ தந்தையும் தாயும் தலைமுறை வரலாறும் இல்லாதவராகத் திருமுகத்தின் 7:3இல் வருகிறார். தந்தையே இல்லாதவர் என்று சொல்லி நிறுவப்பட்ட குருத்துவத்துக்குத் ‘தந்தை’ என்று பெயரிடுவது எவ்வளவு பெரிய அபத்தம்! மேலும், ‘தலைமைப் பாதிரியார்’ என்று கேட்கும் நம்மூர்க்காரருக்கு ஆயர் (பிஷப்) நினைவுக்கு வருவாரே அல்லாமல், ஆண்டுக்கொருமுறை பலி இரத்தத்துடன் கோயிலின் உள்ளறையான திருத்தூயகத்துக்குள் தனியே நுழைபவர் வரமாட்டார். மெசியா தம் சொந்த இரத்தத்தால் ஒரே முறை நுழைந்தார் என்ற 9ஆம் அதிகாரத்தின் ஒப்பீடு கேட்பவர் மனத்தில் எப்படி நிற்கும்?

புராட்டஸ்டண்டு சபைகள் வழங்கும் ‘பிரதான ஆசாரியர்’ மதிக்கத்தக்க பழைய சொல். ஆயினும் அதன் நேர்ப்பொருளும் ஆசிரியரே. கடலூர்ப் பக்கம் ஆசாரி என்றால் மரவேலைக்காரரும் பொற்கொல்லரும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். குருவும் ஆசிரியர்தானே என்று என்னைத் திருப்பிக் கேட்கலாம். கேட்கட்டும். குருப்பட்டம், குருமடம், குருத்துவம் என்று தலைமுறைகளாகப் புழங்கியதில் கத்தோலிக்கத் தமிழில் அச்சொல்லுக்குப் பலிபீடத்தின் பொருள் ஏறிவிட்டது. குரு வடசொல் என்று ஒதுக்கி ‘வேள்வித் தலைவர்’ என்பவர்களை நான் ஏற்கவில்லை. வேள்வி என்றதும் தீ வளர்ப்பது தோன்றும். அதன் தலைவர் என்றால் அதை நடத்துவிக்கும் அரசனா, செய்துகொடுப்பவரா என்ற குழப்பமும் சேரும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி யாகங்கள் பல செய்த பாண்டிய மன்னன். அவனைக் குரு என்று யாரும் சொன்னதில்லை. தூய்மைக்காகத் தெளிவை விற்பது எனக்கு உடன்பாடில்லை.

‘தலைமைக் குரு’விலும் ஒரு குறை உண்டு. ‘தலைமை’ என்பது பலருள் முதல்வரைக் காட்டும். திருமுகமோ பழைய வரிசையையே மாற்றி அமைக்கும் ஒருவரைச் சொல்கிறது. 4:14இல் கிரேக்கம் ‘பெரிய’ என்று ஓர் அடைமொழி சேர்ப்பதும் அதனால்தான்.

ஆயாவிடம், “சாமியார் இல்ல ஆயா, அந்தக் காலத்துக் கோயில்ல ஆடு மாடு பலி குடுக்கறவங்களுக்குத் தலைவரு” என்றேன். “அப்ப பூசாரின்னு சொல்லேன்” என்றார். பணியளவில் அது பாதிரியாரைவிட எவ்வளவோ நெருக்கம். கூலி வாங்கிக்கொண்டு வசனம் எழுதியவர், 1995இல் வெளிவந்த தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் புரட்டியிருந்தால் கயபாவுக்கு உரிய பெயர் ‘தலைமைக் குரு’ என அச்சிலேயே கிடைத்திருக்கும்.