மெஷ்: கண்ணும் வலையும் உசாத்துணையும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் மெஷ் என்கிறார்கள், ஏ9 வீதியோரம் லேத் போட்டிருப்பவர்களும் மெஷ் என்கிறார்கள். பட்டறையில் அது கம்பி வலை. இல்லாவிட்டால் இரண்டு பற்சில்லுகள் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றுவது. மாணவருக்கோ, ஸ்கான் செய்த பொருள் கணினித் திரையில் வந்து நிற்கும் உருவம். நமக்கு இப்போது வேண்டியது இந்தக் கடைசிப் பொருள்தான்; அந்த உருவத்தை ரெஃபரன்ஸாக வைத்து, கேட் (CAD) எனப்படும் கணினி வரைபு மென்பொருளில் பொருளைப் புதிதாக வரைவது பற்றித்தான் பேச்சு.

ஆங்கிலத்தில் இது மீன்வலையிலிருந்து வந்த சொல். பழைய டச்சு மொழியிலும் இதற்கு உறவுச் சொல் உண்டு. முதலில் வலையைக் குறித்ததைவிட, நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையே குறித்தது. தமிழில் அதற்குக் கண் என்று பெயர். சின்னக்கண் வலை, பெரியகண் வலை என்றால் முல்லைத்தீவுக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கணினித் திரையில் நிற்கும் அந்த உருவத்திலும் கண் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முக்கோணம். வெறும் வெளியும் அல்ல. மூன்று புள்ளிகள், மூன்று விளிம்புகள், நடுவே ஒரு தட்டையான முகம். இப்படி இலட்சக்கணக்கான முகங்கள் ஒட்டி நின்று பொருளின் தோல் ஆகின்றன. கண் சிறுத்தால் நுணுக்கம் கூடும், கோப்பும் பெருக்கும். இந்த உருவத்தைச் சேமிக்க 1987இல் வந்த எஸ்டிஎல் (STL) கோப்பின் இரும வடிவில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். பத்து இலட்சம் முக்கோணம் என்றால் 50 மெகாபைட்.

தமிழில் என்ன சொல்வது? அகராதிப்படி பார்த்தால் கண்ணி பொருந்தும். ஆனால் வன்னியில் கண்ணி என்று வாயெடுத்தாலே கேட்பவர் மனதில் கண்ணிவெடி வந்துவிடும்; முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகை பார்த்த சனத்துக்கு அந்தச் சொல்லைப் பாடத்தில் கொடுக்க எனக்கு மனமில்லை. வலையமைப்பு என்றால் நெட்வேர்க். ஆகவே ஒரு கண்ணை வலைக்கண் என்றும், முழு உருவத்தை வலையுரு என்றும் எழுதலாம் என்பது என் கட்சி. ஸ்கான் செய்தலுக்கு வருடல் ஏற்கெனவே புழங்குகிறது, சரி.

ரெஃபரன்ஸ் என்பதற்குத்தான் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. இலத்தீன் வேருக்குத் திரும்பக் கொண்டுபோதல் என்று பொருள். நம் பல்கலைக்கழகங்களில் கட்டுரை முடிவில் உசாத்துணை என்று போடுவோமே, அதுதான். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். உசாத்துணை, கலந்து யோசனை கேட்பதற்கு உரிய துணை. யோசனை கேட்கலாம், முடிவு நம்முடையது. கேட் மென்பொருளில் வலையுருவுக்கு உள்ள இடமும் இதேதான்.

நீர் இறைக்கும் மெஷின் ஒன்றின் வார்ப்பு உறை உடைந்துவிட்டது, மாற்று உறை கடையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிப் பொருத்தி, மினுங்கும் இடத்தில் மெல்லப் பவுடர் தூவி ஸ்கான் செய்கிறோம். வரும் வலையுருவுக்கு வட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. துவாரம் அங்கே கோணல்மாணலான பலகோணம். கேட் மொடலோ, இது உருளை, இதன் அச்சு இது, விட்டம் இவ்வளவு என்று அறிந்து வைத்திருப்பது. விட்டத்தை மாற்றினால் துவாரம் மாறும். முக்கோணம் ஒவ்வொன்றையும் ஒரு முகமாக மாற்றித் தா என்று மென்பொருளிடம் கேட்டால் கணினி திணறும். அது முடித்துத் தந்தாலும் மாற்றுவதற்கு அதில் விட்டம் என்று ஒன்று இராது.

அதனால் வலையுருவைக் கீழே வைத்து மேலே புதிதாக வரைய வேண்டும். முதலில் அதை நிமிர்த்தி, தட்டையான முகத்தை ஒரு தளத்தோடும் துவாரத்தை ஒரு அச்சோடும் சேர்க்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பிறகு வரைவதெல்லாம் சரிந்தே நிற்கும். அப்புறம் வேண்டிய இடத்தில் குறுக்கே வெட்டி, வெட்டுக்கோட்டின்மேல் வட்டமும் நேர்கோடும் போட வேண்டும். பெயாரிங் இருக்கும் குழி வலையுருவில் ஒரு பக்கம் 52.3 மில்லிமீற்றர், இன்னொரு பக்கம் 52.1 என்று காட்டலாம். ஆனால் அதில் இருந்தது 6205 இலக்கப் பெயாரிங். அதன் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15. குழி தேய்ந்திருக்கிறது, வருடலிலும் சிறு பிழை இருக்கிறது. வரைபவர் 52 என்று போட்டு, பொருத்தத்துக்கு உரிய சிறு இடைவெளியைத் தனியே தீர்மானிப்பார். 52.3ஐ அப்படியே எடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்து வார்த்துக் கொடுத்ததாகிவிடும். வளைந்த வெளித்தோலில் மட்டும் வலையுரு சொல்வதை அதிகம் நம்பலாம், அங்கே இலக்கம் பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. வரைந்து முடிந்ததும் இரண்டையும் மேலுக்கு மேல் வைத்து, எங்கே எவ்வளவு விலகல் என்று நிறத்தால் பார்க்கலாம்.

இன்னொன்று, எஸ்டிஎல் கோப்பு அலகைச் சொல்லாது. வெறும் எண்கள்தான். அங்குலத்தில் சேமித்ததை மில்லிமீற்றர் என்று திறந்தால் உறை 25.4 மடங்கு சிறுத்துத் திரையில் குண்டுமணி மாதிரிக் கிடக்கும். வரையத் தொடங்கும் முன் உண்மைப் பொருளில் ஏதாவது ஒரு நீளத்தை வேணியர் இடுக்கியால் அளந்து, வலையுருவில் அதே நீளத்தோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.