எழுத்துப் பலகையில் சிக்காத பார்வை இழப்பு

பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போதே சுற்றிலும் தெரியும் பரப்பு, குறைந்தவர்கள் "கண் தெரியவில்லை" என்று வருவது அபூர்வம். படி இறங்கும்போது கால் தடுக்கிறது, நிலைப்படியில் தோள் இடிக்கிறது, ஆட்கள் திடீரென்று எதிரில் முளைக்கிறார்கள் என்பார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தும் விடுவார்கள். பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும்தான். ஒரு கண் நேரே பார்க்கும்போதே காதுப் பக்கம் சுமார் 100 பாகை, மூக்குப் பக்கம் 60 பாகை வரை உணர்கிறது. அதில் பெரும்பகுதி போன பிறகும் பலகையில் 6/6, அதாவது இயல்பான பார்வை, என்று வரலாம்.

இழந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அப்படித் தெரிந்தால் எல்லோரும் சீக்கிரமே வந்திருப்பார்கள். பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் இடத்தில் நம் எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் அங்கே ஓட்டை தெரிவதில்லை. சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. பார்வைப் புலத்தைக் குறைக்கும் கண் அழுத்த நோயிலும் (கிளாக்கோமா) பெரும்பாலும் இப்படித்தான். சுவர் தெரியும், அதன் முன்னால் கிடக்கும் நாற்காலி தெரியாது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்வதால் நோய் இன்னும் நாள்கடந்தே வெளிப்படுகிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு "இடது கண் போய்விட்டது" என்பவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வேன். பல நேரம் இரண்டு கண்களிலுமே இடது பாதி போயிருக்கும்; பழுது மூளையின் வலப்பக்கத்தில். படிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் அவர்களுக்குக் கிடைக்காது. வரித் தொடக்கத்தில் விரலை வைத்துக்கொண்டால் பிடி கிடைக்கும். வலது பாதி போனவர்கள் பாடு இன்னும் கடினம். படித்துப் போகும் திசையே மறைந்திருப்பதால் சொல் சொல்லாகத் தடவித்தான் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவர் பார்த்துத்தான் நடக்கிறார். தெரியும் பக்கமாக வந்து, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். புலச் சோதனை முடியும்வரை வண்டிச் சாவி மட்டும் அவர் கையில் வேண்டாம்.

திடீரென்று பாதிப் பார்வை போனால் அதைப் பக்கவாதமாகவே எண்ணி உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்து ஓரத்தில் திரை இறங்கினால் விழித்திரை விலகியிருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் அழுத்த நோயில் போன புலம் திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காக்கத்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அந்நோய் இருந்தால் தொந்தரவு தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.

புலச் சோதனையில் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பாதி ஒளிகள் தெரியவே இல்லை என்று கலங்கிவிடுகிறார்கள். நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். எவ்வளவு மங்கலான ஒளிவரை தெரிகிறது என்று கருவி தேடுகிறது. களைப்பாக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இடைவெளி விட்டுத் தொடரலாம்.